வராத இழுப்பு

கினிப்பன்றியின் முடியிலிருந்தும் தோல் துகளிலிருந்தும் சாறு எடுத்து, அதை நுண்துளிகளாக்கி ஒருவர் வேண்டுமென்றே மூச்சோடு இழுக்கிறார். கினிப்பன்றி தனக்கு ஆகாது என்பது அவருக்குத் தெரியும். அதற்காகவேதான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். சற்று நேரத்தில் நெஞ்சு இறுகுகிறது, மூச்சு விசிலடிக்கிறது, தோள்கள் மேலேறுகின்றன. அந்த நிலையிலேயே ஒரு குழாயில் பலம்கொண்ட மட்டும் ஊதி, முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்று குறித்துக்கொள்கிறார். வேறொரு நாள் புதிதாகச் செய்த ஒரு வேதிப்பொருளை முன்கூட்டியே உறிஞ்சிவிட்டு, அதே சாறு, அதே குழாய், அதே கணக்கு. 1950களின் பின்பாதியில் தொடங்கி 1965 வரை இது நடந்தது. செய்தவர் ரோஜர் ஆல்டுன்யன். மருத்துவர், ஆஸ்துமா நோயாளி, இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் பெங்கர்ஸ் என்ற மருந்து நிறுவனத்தில் சம்பளக்காரர்.

மருத்துவ வரலாற்று நூல்களில் இவரைப் பற்றிய பத்தி பெரும்பாலும் தியாகக் கதையாகவே வரும். தன் உடலையே சோதனைக்கூடமாக்கிக்கொண்ட வீரர், என்ற தொனியில். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. வீரம் இருந்திருக்கலாம், பிடிவாதம் நிச்சயம் இருந்தது. ஆனால் அந்தக் காரியத்துக்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது. அதுதான் என்னைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. வந்த இழுப்பைத் தணிக்கும் மருந்தைச் சோதிப்பது சுலபம்: திணறுகிறவருக்குக் கொடுக்க வேண்டும், திணறல் விடுகிறதா என்று பார்க்க வேண்டும். வரவிருக்கும் இழுப்பை வராமல் செய்யும் மருந்தை எப்படிச் சோதிப்பது? இன்றைக்கு இழுப்பு வரவில்லை. மருந்தாலா, இல்லை இன்றைக்கு எப்படியும் வந்திருக்காதா? நடக்காத ஒன்றுக்குச் சாட்சி கிடையாது. சாட்சியை உருவாக்க ஒரே வழி, நிச்சயமாக வரக்கூடிய ஓர் இழுப்பைக் கையில் வைத்திருப்பதுதான். ஆல்டுன்யன் கையில் வைத்திருந்தது அதைத்தான். இத்தனை சாறு உள்ளே போனால் இத்தனை மூச்சு குறையும் என்று அவருடைய உடல் கிட்டத்தட்ட எழுதிக் கொடுத்திருந்தது. குறையாமல் போகும் நாளில், அந்தக் குறையாமைக்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

அவர் பிறந்தது 1922இல். குடும்பம் சிரியாவின் அலெப்போ நகரத்தில். தாத்தா ஆர்மீனியர், அந்த நகரத்தில் பெயர்பெற்ற மருத்துவமனையை நிறுவியவர். அப்பா எர்னெஸ்ட்டும் அங்கேயே மருத்துவர். அம்மா டோரா ஆங்கிலேயர், ஓவியரும் வரலாற்றறிஞருமான டபிள்யூ. ஜி. காலிங்வுட்டின் மகள். தாய்வழித் தாத்தாவின் வீடு இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரிக்கரையில். 1928 கோடையில் குடும்பம் அங்கே வந்து தங்கியபோது, காலிங்வுட் வீட்டின் பழைய நண்பரான ஆர்தர் ரான்சம் பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகு ஓட்டப் பழக்கினார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைகள் அவருக்குப் பிறந்தநாள் பரிசாகச் சிவப்புத் துருக்கிச் செருப்பு ஒரு ஜோடி கொடுத்தார்கள். அதற்குக் கைமாறாக அவர் எழுதத் தொடங்கியதுதான் 1930இல் வெளியான ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேஸான்ஸ்’. ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தில் இன்றும் அச்சில் இருக்கும் நாவல். அதில் கடைக்குட்டிப் பையனின் பெயர் ரோஜர். நாவல் தொடங்குவதே அவன் ஓட்டத்தில்தான்: ஏரிக்கரையிலிருந்து வீட்டுக்கு ஏறும் புல்வெளியில் எதிர்காற்று வீசுகிறது, தன்னையே பாய்மரக் கப்பலாக நினைத்துக்கொண்ட பையன் நேராக ஓடாமல் வேலிக்கு வேலி குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்து ஏறுகிறான்.

பின்னாளில் மூச்சுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர் எதிர்காற்றில் ஓடிய அந்தப் பையன் என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் எழுதியும் விட்டார்கள். ரான்சம் எழுதியது ஒரு கற்பனைப் பையனை. பெயரும் வயதும் மட்டும்தான் கடன். நிஜ ரோஜர் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். குண்டுவீச்சு விமானம் ஓட்டுவதற்குப் பயிற்சி கொடுப்பவரானார். லேங்காஸ்டர் விமானங்களை இரவில் தாழப் பறக்கவிடும் முறையை உருவாக்கியதற்காக ஏர் ஃபோர்ஸ் கிராஸ் பதக்கம் பெற்றார். பிறகு மருத்துவப் படிப்பு. பிறகு அலெப்போவில் குடும்ப மருத்துவமனை. 1956இல் சூயஸ் நெருக்கடி. சிரியாவில் பிரிட்டிஷ்காரர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. முப்பதுகளின் நடுவில், கையிலிருந்த மருத்துவமனை போய், இங்கிலாந்தில் ஒரு மருந்துக் கம்பெனி வேலை. பெங்கர்ஸின் தாய் நிறுவனம் ஃபைசன்ஸ். அதன் பழைய தொழில் உரம்.

அந்தக் கம்பெனியில் அப்போது கெல்லின் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மத்திய தரைக்கடல் பகுதியில் வளரும் ஒரு செடியின் விதையிலிருந்து கிடைப்பது. நம் சீரகச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த செடி அது. எகிப்தில் காய்ந்த பூங்கொத்தின் காம்புகளைப் பல்குத்தப் பயன்படுத்துவார்கள், விதையைக் காய்ச்சிச் சிறுநீரகக் கல் வலிக்குக் குடிப்பார்கள். 1940களில் கெய்ரோவில் அன்ரெப் என்ற உடலியல் ஆய்வாளர், கல் வலிக்காகக் கெல்லின் சாப்பிட்ட தன்னுடைய ஆய்வக ஊழியருக்கு நெஞ்சுவலியும் குறைந்திருப்பதைக் கவனித்தார். குழாய்களைச் சுற்றியிருக்கும் தசையை அது தளர்த்துகிறது. இதயக் குழாயைத் தளர்த்துவது மூச்சுக்குழலையும் தளர்த்தாதா? கேள்வி நியாயமானதே. ஆனால் கெல்லின் சாப்பிட்டால் குமட்டும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, குமட்டாத, மூச்சுக்குழலை மட்டும் தளர்த்தும் உறவுப் பொருளைத் தேடுவதே கம்பெனியின் திட்டம்.

வேதியியலாளர்கள் புதுப்புதுப் பொருள்களைச் செய்து கொடுப்பார்கள். வழக்கமான முறைப்படி அவற்றைக் கினிப்பன்றியிடம் சோதிக்க வேண்டும். கினிப்பன்றிக்கு மூச்சுத்திணறல் வரவழைத்து மருந்தைப் பார்ப்பதுதான் அன்றைக்கு உலகம் முழுக்க இருந்த நடைமுறை. ஆல்டுன்யனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கினிப்பன்றியின் திணறலும் மனிதனின் ஆஸ்துமாவும் ஒன்றில்லை என்பது அவர் கட்சி. ஆக, கினிப்பன்றியை ஒதுக்கிவிட்டு அதன் முடியை வைத்துக்கொண்டார். இதில் இருக்கும் வேடிக்கை அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது.

சோதனைகள் போகப்போக ஒன்று புலப்பட்டது. சில பொருள்கள் மூச்சுக்குழலைத் தளர்த்தவே இல்லை. இழுப்பு வந்த பிறகு உறிஞ்சினால் பலன் பூஜ்யம். ஆனால் சாற்றை இழுப்பதற்கு முன்பே உறிஞ்சியிருந்தால் இழுப்பு சரியாக வருவதில்லை, வந்தாலும் பாதிதான். அதாவது அவர்கள் எதைத் தேடினார்களோ அது கிடைக்கவில்லை. தேடாத வேறொன்று அவருடைய நெஞ்சுக்குள் தட்டுப்பட்டது. தளர்த்தும் மருந்தைத் தேடும் ஆய்வகத்தில், தளர்த்தாத பொருளைக் குப்பையில் போடுவதே முறை. இந்த வகைப் பொருளைக் கினிப்பன்றியிடம் சோதித்திருந்தால் அதுதான் நடந்திருக்கும். கடைசியில் மருந்தாக வந்த சோடியம் குரோமோகிளைகேட், வழக்கமான கினிப்பன்றிச் சோதனைகளில் எந்தப் பலனும் காட்டாத பொருள்.

ஒவ்வாமை ஆராய்ச்சியில் இப்படிச் சொந்தத் தோலைக் கொடுத்தவர்களின் வரிசை நீளமானது. 1921இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரத்தில் கார்ல் பிராஸ்னிட்ஸ், மீன் ஆகாத தன் சக மருத்துவர் ஹைன்ஸ் கூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து ஊனீரைப் பிரித்துத் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாறு. தடித்து வீங்கியது. மீன் எல்லாம் ஒத்துக்கொள்ளும் பிராஸ்னிட்ஸின் வயிற்றில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கூஸ்ட்னரின் ஒவ்வாமை குடியேறிவிட்டது. ஊனீரில் இருந்த அந்தப் பொருள் எது என்று அடையாளம் காண இன்னும் 45 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகா தம்பதி 1966இல் கண்டுபிடித்தார்கள். அவர்களும் தங்கள் தோலிலேயே ஊசி போட்டுப் பார்த்தவர்கள்தான். ஐஜிஇ என்று இன்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நாம் பார்ப்பது அதுவே. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இவற்றில் ஒன்றைக்கூட அனுமதிக்காது. அனுமதிக்கக் கூடாது என்றே நானும் சொல்வேன். அதே மூச்சில், அனுமதித்திருக்காவிட்டால் என்னவெல்லாம் தெரியாமல் போயிருக்கும் என்ற கணக்கையும் போடாமல் இருக்க முடியவில்லை.

1965இல் குரோமோகிளைகேட் கைக்கு வந்தது. கெல்லினின் உடலமைப்பை ஒத்த இரண்டு வளையத் தொகுதிகளை ஒரு சிறு பாலத்தால் இணைத்த மூலக்கூறு. வயிற்றுக்குள் போனால் நூற்றில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும். ஆகவே மாத்திரை உதவாது. நேராக நுரையீரலுக்குப் போக வேண்டும். அளவோ 20 மில்லிகிராம். அன்றைக்கிருந்த அழுத்தக் குப்பி இன்ஹேலர்கள் கொடுத்த மருந்தோடு ஒப்பிட்டால் இது பிடியளவு மாவு. அவ்வளவையும் எப்படி ஒரே மூச்சில் உள்ளே அனுப்புவது? விமானமோட்டி இங்கேதான் மறுபடி தலைகாட்டுகிறார். கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் குழாய். அதற்குள் ஊசிமேல் சுழலும் சின்ன விசிறி, விமானத்தின் முன்விசிறி போலவே. விசிறியில் கேப்ஸ்யூலைச் செருகி, வெளிக்கூட்டை ஒருமுறை கீழே தள்ளி மேலே இழுத்தால் கேப்ஸ்யூலில் இரண்டு துளை விழும். வாயில் வைத்து உறிஞ்சினால் விசிறி சுழன்று, கேப்ஸ்யூல் அதிர்ந்து, மாவு காற்றில் தூவப்படும். உந்துவாயு கிடையாது, நோயாளியின் மூச்சே உந்துவிசை. ஸ்பின்ஹேலர் என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர் மருந்துக்கடைகளில் கேப்ஸ்யூலைப் போட்டுத் திருகி உறிஞ்சும் குழாய் விற்கிறதே, விலை குறைவு என்று டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது, அதுவும் இந்தக் கால்வழியில் வந்ததுதான். விசிறி மட்டும் அதில் இல்லை.

1967இல் ஜாக் ஹவல் என்ற மருத்துவரோடு சேர்ந்து ‘லான்செட்’ இதழில் சோதனை முடிவை வெளியிட்டார். நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது என்ற முறையில் நடந்த சோதனை. ஒற்றை உடலிலிருந்து மருந்து பல உடல்களுக்குப் போனது அங்கேதான். மறு ஆண்டு இண்டால் என்ற பெயரில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது.

அந்த வருடங்களில் பிரிட்டனில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் இண்டாலின் அருமை விளங்காது. அழுத்தக் குப்பி இன்ஹேலர் 1956இல் அமெரிக்காவில் பிறந்தது. ரைக்கர் நிறுவனத் தலைவரின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா; தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்தும் வரக்கூடாதா என்று அவள் கேட்டதாகச் சொல்வார்கள். வந்தது. அமுக்கினால் சில நொடியில் மூச்சு விடும். பிரிட்டனில் 1960களில் ஐசோபிரினலின் மருந்தின் ‘ஃபோர்ட்டே’ வகை பரவியது. சாதாரண வகையைப்போல ஓர் அமுக்கலுக்கு ஐந்து மடங்கு. மருத்துவர் சீட்டு இல்லாமலும் வாங்கலாம். 1961க்குப் பிறகு ஆஸ்துமாச் சாவுகள் ஏறத் தொடங்கின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே ஏழாண்டுகளில் ஏறக்குறைய எட்டு மடங்கு. 1966இல் அந்த வயதில் இறந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 7 பேர் ஆஸ்துமாவில் இறந்தவர்கள். கையில் குப்பியோடு இறந்தார்கள். மருந்தே இதயத்தைத் தாக்கியதா, அல்லது அமுக்கியதும் கிடைத்த ஆறுதலை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதித்தார்களா என்ற விவாதம் பல காலம் நடந்தது. எதுவாயினும், தணிப்பு அளவுக்கு மீறி எளிதாகக் கிடைத்ததில் விளைந்த சாவுகள் அவை. 1968இல் சீட்டு கட்டாயமானது, எண்ணிக்கை இறங்கியது.

இந்தப் பக்கம் இண்டால். ஒரு நாளைக்கு நான்கு முறை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சினால் தொண்டையில் மாவு ஒட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. மூச்சுத் திணறும்போது எடுத்தால் ஒரு பயனும் இல்லை, இருமல் வேண்டுமானால் கூடும். நன்றாக இருக்கும்போது, நன்றாகவே இருப்பதற்காக எடுக்க வேண்டிய மருந்து. யாருக்கு இதில் பிடிப்பு வரும்?

என் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். மார்கழி பிறந்தால் இரவு உட்கார்ந்தபடியேதான் தூக்கம். டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்: ஒன்று அவசரத்துக்கு, இன்னொன்று தினசரி காலை இரவு. அவசரத்துக்கானது இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு எப்போதும் இருக்கும். தினசரிக்கானது அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் முத்திரை பிரியாமல் இருந்தது. ஏன் பெரியம்மா எடுப்பதில்லை என்று கேட்டேன். “வீசிங் இருந்தா அடிக்கலாம். நல்லா இருக்கறப்ப எதுக்குடா மருந்து? பழகிப் போச்சுன்னா அப்புறம் அது இல்லாம முடியாது” என்றார். பழகிப்போனது எது என்பதை அவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவரிடம் கேட்டால் ‘நோயாளியின் ஒத்துழைப்பின்மை’ என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பார். பெரியம்மாவின் வாதத்தில் பிழை அவ்வளவு எளிதாக அகப்படாது. தணிக்கும் மருந்து தன் வேலையை அவர் கண்முன் செய்து காட்டுகிறது. தடுக்கும் மருந்து செய்ததாகச் சொல்லப்படும் வேலையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. அவரிடம் கினிப்பன்றிச் சாறு கிடையாது.

ஆஸ்துமா மருத்துவத்துக்கு வழிகாட்டும் ஜினா என்ற உலகளாவிய அமைப்பு, தணிக்கும் இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள் என்று திட்டவட்டமாகச் சொன்னது 2019இல்தான். ஃபோர்ட்டே சாவுகள் முடிந்து அரை நூற்றாண்டு கழித்து. இப்போது தணிப்பதையும் தடுப்பதையும் ஒரே குப்பியில் அடைத்துக் கொடுக்கிறார்கள். பெரியம்மாவின் தர்க்கத்தை வெல்ல முடியாமல் அதற்கு வளைந்துகொடுத்த ஏற்பாடு என்று நான் இதை நினைத்துக்கொள்வதுண்டு. நல்ல ஏற்பாடு.

இண்டாலின் காலம் அதிகம் நீடிக்கவில்லை. 1972இல் உறிஞ்சும் ஸ்டீராய்டு பிரிட்டனில் வந்தது. பலன் கூடுதல், ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கு மட்டுமில்லாமல் மற்றவற்றுக்கும் கேட்டது. குரோமோகிளைகேட் மெல்ல ஒதுங்கியது. இன்று கண் அரிப்புக்கான சொட்டு மருந்தாக அது பல நாடுகளில் விற்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதிலும் வழக்கு தீர்ந்தபாடில்லை. ஒவ்வாமையின் வெடிமருந்துப் பைகளான மாஸ்ட் செல்களை உடையவிடாமல் பிடித்துவைக்கிறது என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. அது மட்டும் போதாது என்று பின்னால் தெரிந்தது. ஒரே உடலில் கண்டெடுத்த மருந்து, அந்த உடலை ஒத்தவர்களுக்கே நன்றாகப் பொருந்தியது என்பது என் அபிப்பிராயம். ஆல்டுன்யனுடையது குறிப்பிட்ட ஒன்றைச் சுவாசித்தால் குறிப்பிட்ட நிமிடத்தில் கிளம்பும் ஒவ்வாமை ஆஸ்துமா. எதற்கும் எளிதில் அடங்காத கடும் ஆஸ்துமா உள்ளவர்கள் நோயாளிகளில் நூறில் ஐந்து முதல் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு அவருடைய நெஞ்சு பிரதிநிதி ஆகவில்லை. அவர் 1987 டிசம்பரில் 65ஆம் வயதில் இறந்தார்.

அந்தக் கடும் ஆஸ்துமாக்காரர்களின் கதையில் அவருடைய முறையே ஒருமுறை காலை வாரியது. இயோசினோஃபில் என்ற வெள்ளையணு ஆஸ்துமாக்காரர்களின் சளியில் நிறைந்திருப்பது நெடுங்காலமாகத் தெரிந்த சங்கதி. அதை வளர்க்கும் சமிக்ஞைப் பொருளை முடக்கும் மெபோலிஸுமாப் என்ற ஊசி மருந்து 1990களின் இறுதியில் தயாரானது. சோதித்தார்கள், ஏறத்தாழ ஆல்டுன்யன் பாணியிலேயே: லேசான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, ஆகாத பொருளைச் சுவாசிக்கவிட்டு, மூச்சு இறங்குகிறதா என்று பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் முடிவு வந்தது. இயோசினோஃபில்கள் ரத்தத்திலும் சளியிலும் துடைத்தெடுத்தாற்போலக் குறைந்திருந்தன. இழுப்பு மட்டும் வந்தே தீர்ந்தது. இந்த அணுவுக்கும் ஆஸ்துமாவுக்கும் சம்பந்தமே இல்லையோ என்று பெரிய ஆட்கள் எழுதினார்கள். அடுத்து நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் நடந்த சோதனையும் தோற்றது.

கனடாவின் ஹாமில்டனில் ஃப்ரெடி ஹார்கிரீவ் என்ற மருத்துவர் பல காலமாகச் சளியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பார்ப்பது என்றால் நிஜமாகவே பார்ப்பது. நோயாளிக்கு உப்புநீர் ஆவியைக் கொடுத்து இருமவைத்து, கிண்ணத்தில் துப்பவைத்து, அதில் எச்சிலை விலக்கி நுரையீரலிலிருந்து வந்த கெட்டித் திரளைப் பொறுக்கியெடுத்து, கரைத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் செல்களை ஒவ்வொன்றாக எண்ணுவது. நாற்றம் பிடித்த, நேரம் தின்னும் வேலை. நூறு செல்லில் மூன்றுக்கு மேல் இயோசினோஃபிலா இல்லையா என்று நோயாளிக்கு நோயாளி பிரிப்பது. இங்கிலாந்தின் லெஸ்டரில் இயன் பாவர்டின் குழுவும் இதே வேலையில் இருந்தது. ஹாமில்டனில் பரமேஸ்வரன் நாயரும் லெஸ்டரில் பாவர்டின் குழுவினரும் தனித்தனியாக ஒரே கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். சளியில் அந்த அணு உண்மையிலேயே நிறைந்திருக்கும் கடும் ஆஸ்துமாக்காரர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, இன்றைக்கு மூச்சு எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடவைக்கும் பெரிய தாக்குதல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார்கள். 2009இல் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகளும் வந்தன. லெஸ்டர் கணக்கில், வெறும் ஊசி போட்டவர்களுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 3.4 தாக்குதல், மருந்து போட்டவர்களுக்கு 2.0. ஊதுகுழாயில் மூச்சு அளவு ஏறக்குறைய அதேதான். மருந்துக்கு அமெரிக்க அனுமதி 2015இல் கிடைத்தது.

ஒரு நாளின் மூச்சை அளந்தபோது தோற்ற மருந்து, வராத தாக்குதல்களை ஓராண்டு எண்ணியபோது ஜெயித்தது. வராததை எண்ண ஆல்டுன்யனுக்கு நிச்சயமான ஓர் இழுப்பு தேவைப்பட்டது. இவர்களுக்கு மருந்து கிடைக்காத இன்னொரு கூட்டம் தேவைப்பட்டது: அவர்களுக்கு வந்த 3.4தான் இவர்களுக்கு வராத 1.4க்குச் சாட்சி. வெறும் ஊசி போட்டுக்கொண்டு ஓர் ஆண்டு முழுக்கத் திணறியவர்களின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இருக்காது. ஆல்டுன்யனின் பெயரையாவது நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

1967 கட்டுரையின் ஜாக் ஹவல் பின்னர் சவுத்தாம்ப்டனில் புதிதாகத் தொடங்கிய மருத்துவப் பள்ளிக்குப் பேராசிரியராகப் போனார். 1970களில் அவருடைய துறையில் சேர்ந்தவர் ஸ்டீஃபன் ஹோல்கேட். இவருடைய வாழ்க்கைத் தொழிலும் இதே நோய்தான். மாஸ்ட் செல்லில் தொடங்கினார். ஹார்வர்டுக்குப் போய் அதைப் படித்தார். ஆஸ்துமாவோடு தொடர்புள்ள மரபணு ஒன்றைத் தேடிப் பிடித்த குழுவில் 2002இல் இருந்தார். மூச்சுக்குழலின் உட்தோல் வைரஸைச் சமாளிக்கத் தெரியாமல் தவிப்பதுதான் கோளாறு என்று வாதித்தார். அந்த யோசனையில் ஒரு கம்பெனியே தொடங்கி, அதன் மருந்து கொரோனா காலத்தின் பெரிய சோதனையில் கரைசேராததையும் பார்த்தார். செல்லுக்குள் போனவர் ஒருகட்டத்தில் வெளியே வந்து தெருவைப் பார்த்தார் என்பதில்தான் எனக்கு ஆர்வம். காற்று மாசின் மருத்துவ விளைவுகள் குறித்து அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுவுக்கு 1990களில் தலைவராக இருந்தார். 2016இல் அரச மருத்துவர் கல்லூரியின் காற்று மாசு அறிக்கை அவர் தலைமையில் வந்தது.

தென்கிழக்கு லண்டனின் லூயிஷம் பகுதியில் சவுத் சர்க்குலர் என்ற நெரிசலான சாலையிலிருந்து சுமார் 25 மீட்டரில் ஒரு சிறுமி வசித்தாள். ஆறு வயதுவரை ஓடியாடியவள். பிறகு மூன்றாண்டுக்குள் கிட்டத்தட்ட 30 முறை ஆஸ்பத்திரியில் அனுமதி. வலிப்பு வரும், மூச்சு நிற்கும். மூச்சு நின்றால் உயிர்ப்பிக்க அம்மா கற்றுவைத்திருந்தார். 2013 பிப்ரவரியில் இறந்தபோது வயது 9. அடுத்த ஆண்டு நடந்த விசாரணை, கடும் ஆஸ்துமாவால் சுவாசம் செயலிழந்தது என்று சொல்லி முடித்துக்கொண்டது. அம்மா விடவில்லை. ஹோல்கேட் அவளுடைய மருத்துவக் கோப்புகளை வாங்கிப் படித்து 2018இல் அறிக்கை கொடுத்தார். ஒரு பக்கம் அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதிகள். மறு பக்கம் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தொலைவிலிருந்த கேட்ஃபர்டு கண்காணிப்பு நிலையத்தில் பதிவான நைட்ரஜன் டை ஆக்ஸைடு, நுண்துகள் அளவுகள். இரண்டும் சேர்ந்தே ஏறின. அந்தக் கருவி வருடக்கணக்காக எண்களைப் பதிந்துகொண்டுதான் இருந்தது. அந்த எண்களுக்கும் மகளின் மூச்சுக்கும் தொடர்பிருக்கலாம் என்று அவள் உயிரோடிருந்தபோது அம்மாவிடம் யாரும் சொன்னதில்லை.

பழைய தீர்ப்பை உயர்நீதிமன்றம் 2019இல் ரத்து செய்தது. இரண்டாம் விசாரணை 2020 டிசம்பரில். அங்கே ஹோல்கேட் விடைசொல்ல வேண்டியிருந்தது அதே பழைய கேள்விக்கு: அந்தக் காற்று இல்லாதிருந்தால் அந்தக் கடைசித் தாக்குதல் வந்திருக்காதா? இங்கே முன்கூட்டி உறிஞ்சிப் பார்க்க மருந்தில்லை, வெறும் ஊசி போட்ட இன்னொரு கூட்டமும் இல்லை. இருந்தவள் ஒருத்தி, அவளும் இறந்துவிட்டாள். தேதிகளும் எண்களும் மட்டும் மிச்சம். விசாரணை அதிகாரி அவற்றை ஏற்றுக்கொண்டார். இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் மூன்று வரிகள் எழுதப்பட்டன: சுவாசச் செயலிழப்பு, கடும் ஆஸ்துமா, காற்று மாசுக்கு ஆளானது. பிரிட்டனில் ஒருவருடைய சாவுக் காரணமாகக் காற்று மாசு பதிவானது அதுவே முதல் முறை.

இனி இப்படிச் சாவு நேராதிருக்க என்ன செய்ய வேண்டும் என்று விசாரணை அதிகாரி தனியாக ஓர் அறிக்கை கொடுப்பது அந்நாட்டு வழக்கம். 2021 ஏப்ரலில் அது வந்தது. நுண்துகளுக்கு அரசு வைத்திருக்கும் வரம்பு உலக சுகாதார நிறுவனம் சொல்வதைவிட மிகவும் தளர்வு, இறக்குங்கள் என்றது. அந்நிறுவனத்தின் அப்போதைய ஆண்டுச் சராசரி அளவு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதே ஆண்டு செப்டம்பரில் அதை 5 ஆக்கினார்கள். இந்தியா குடியிருப்புப் பகுதிகளுக்கு 2009இல் வகுத்த வரம்பு 40.